படிவத்தின் பின்பக்கம்

டோரிஸ் இருபத்து மூன்று ஆண்டுகள் ஜோகூரின் தெப்ராவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பரிசோதகராக இருந்தார். பெல்ட்டில் வரிசையாக வரும் சின்னச் சின்ன மின்சுற்றுப் பலகைகளைப் பார்த்து, நல்லதை விட்டுவிட்டுக் கெட்டதைச் சிவப்புக் கூடையில் போடுவது வேலை. அவருடைய கூடை மற்றவர்களுடையதைவிட எப்போதும் சீக்கிரம் நிறைந்துவிடும். அதனால் தொழிற்சாலைக்கு நல்ல பெயர் வந்தது, டோரிஸுக்குக் கெட்ட பெயர் வந்தது. பதவி உயர்வு வரவில்லை. அவருடைய ஐம்பத்து மூன்றாவது வயதில் தொழிற்சாலை வியட்நாமுக்குப் போனது. டோரிஸ் தம்போயில் தன் வீட்டுக்குத் திரும்பினார்.

கணவர் ரபேல் சிங்கப்பூரில் பேருந்து ஓட்டுகிறவர். விடிவதற்கு முன்பே எல்லைப் பாலத்தைக் கடந்துவிடுவார். பிள்ளைகள் கோலாலம்பூரில். மூன்று மாதம் வீட்டைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போன நேரத்தில்தான் தேவாலய வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவிப்பு வந்தது. தென்ஜோகூர் தமிழ்க் கலை அறவாரியத்துக்கு மக்கள் கருத்து சேகரிக்க ஆள் தேவை, தற்காலிக வேலை, தமிழ், மலாய், ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும், சொந்தக் கார் இருக்க வேண்டும். டோரிஸுக்கு நான்கும் இருந்தன.

அந்த அறவாரியத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். கோலாலம்பூரிலுள்ள ஒரு பெரிய நிறுவனம் ஆண்டுதோறும் கொடுக்கும் பணத்தை ஜோகூரிலுள்ள தமிழ்க் கலைஞர்களுக்கு மானியமாகப் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. ஆறு பேர் கொண்ட குழு. தலைவர் ஹேமநாதன். அவருக்குச் சுல்தான் தரும் டத்தோ பட்டம் இன்னும் கிடைக்கவில்லை, ஆனால் கிடைத்துவிட்டது போலவே நடப்பார், உட்காருவார், பேனாவைக்கூட அப்படித்தான் பிடிப்பார். அலுவலகச் சுவரில் நாற்பது படங்கள் மாட்டியிருந்தன. ஒன்றில்கூட ஆடுகிறவரோ பாடுகிறவரோ இல்லை. எல்லாவற்றிலும் ஹேமநாதன் பொன்னாடை வாங்கிக்கொண்டிருந்தார். சிலவற்றில் அவரே போட்டுக்கொண்டது போலவும் தெரிந்தது.

அந்த ஆண்டு பணம் கொடுக்கும் நிறுவனம் புதிதாக ஒன்று கேட்டிருந்தது. மானியம் எப்படிப் பிரிக்கப்படுகிறது என்று மக்களிடம் கருத்துக் கேளுங்கள், அதைக் கொண்டு வாருங்கள், பிறகுதான் அடுத்த மூன்று ஆண்டுக்குப் பணம் என்றது. ஹேமநாதனுக்கு இது பெரிய அவமானம். கலையைப் பற்றி மக்களுக்கு என்ன தெரியும் என்று கூட்டத்தில் கேட்டாராம். தெரியாத மக்களுக்காகத்தான் கலையே என்று யாரும் பதில் சொல்லவில்லை.

படிவத்தை டோரிஸிடம் கொடுத்தவள் அலுவலர் பிரவீனா. முப்பது வயது, சுறுசுறுப்பான பெண். பத்துக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் கீழே மூன்று கட்டங்கள்: திருப்தி, மிகத் திருப்தி, முழுத் திருப்தி.

டோரிஸ் படிவத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பழைய பழக்கம்.

“திருப்தி இல்லைன்னா எங்கம்மா டிக் பண்றது?”

“அதுக்கு பாக்ஸ் வைக்கல ஆண்டி.”

“ஏன் வைக்கல?”

“வச்சா டிக் பண்ணிருவாங்க லா,” என்றாள் பிரவீனா. அவள் கேலி செய்யவில்லை. அந்த அலுவலகத்தில் இரண்டு ஆண்டு இருந்தவளுக்கு அது நியாயமாகவே தெரிந்தது.

டோரிஸ் படிவக் கட்டைக் காரில் வைத்துக்கொண்டு கிளம்பினார். முதலில் போனது தம்போயிலேயே உள்ள ஒரு கார் பட்டறைக்கு. அதை நடத்தும் குணாளன் வார நாள்களில் காருக்கு ஏர்கான் பழுதுபார்ப்பார், வெள்ளி ஞாயிறுகளில் உறுமி மேளம் அடிப்பார். பன்னிரண்டு பேர் குழு. தைப்பூசத்துக்கு அவர் குழு வந்தால்தான் தெரு களைகட்டும். மூன்று முறை மானியத்துக்கு எழுதிப்போட்டிருக்கிறார். மூன்று முறையும் ஒரே பதில்: உறுமி மேளம் கலைதானா என்பதைக் குழு ஆராய்ந்து வருகிறது.

“மூனு வருஷமா ஆராயறாங்க அக்கா,” என்றார் குணாளன், கையில் இருந்த கறுப்பு எண்ணெயைத் துணியில் துடைத்தபடி. “ஆனா தலைவரு மக கல்யாணத்துக்கு யாரு அடிச்சா தெரியுமா? நான்தான். ஓசியில. அன்னிக்கு மட்டும் கலையா இருந்துச்சு போல.”

படிவத்தை வாங்கிப் பார்த்தவர் சிரித்தார். “இதுல எங்க எழுதறது நான் சொன்னதை?”

டோரிஸ் யோசிக்கவில்லை. படிவத்தைத் திருப்பிக் காட்டினார். “இந்தப் பக்கம் காலியாத்தான் இருக்கு. எழுதுங்க.”

குணாளன் கார் மூடியின் மேலேயே தாளை வைத்து எழுத ஆரம்பித்தார். பின்பக்கம் முழுவதும் நிறைந்த பிறகு ஓரத்தில் குறுக்காகவும் எழுதினார். பேனாவை அழுத்திய அழுத்தில் முன்பக்கத்துத் திருப்திகளெல்லாம் புடைத்துக்கொண்டு நின்றன.

“யாராச்சும் படிப்பாங்களா அக்கா?”

“படிக்க வைக்கிறேன்,” என்றார் டோரிஸ்.

இப்படி ஒரு வாக்கைக் கொடுக்கத் தனக்கு என்ன அதிகாரம் இருந்தது என்று பின்னால் அவரே கேட்டுக்கொண்டார். அன்றைக்குக் கேட்டுக்கொள்ளவில்லை.

அதன் பிறகு எல்லாரிடமும் படிவத்தைத் திருப்பியே கொடுத்தார். மக்கள் முன்பக்கத்தில் ஏதோ ஒரு கட்டத்தில் டிக் போட்டுவிட்டுப் பின்பக்கத்தில் எழுதினார்கள். மானியம் வாங்கிய ஒரு நடன ஆசிரியை, ‘கொடுத்தார்கள். நிகழ்ச்சியில் தலைவரைப் பாராட்டி ஐந்து நிமிடம் ஒரு பாடல் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். பிள்ளைகளை ஆடவும் வைத்தேன்’ என்று எழுதிவிட்டுத் தன் பெயரை மட்டும் அடித்துவிட்டார். நாதஸ்வரக்காரர் ஒருவர், விண்ணப்பத்தோடு ஒரு காணொளி கேட்டதாகவும், அனுப்பியதை யாரும் திறக்கவே இல்லை என்பது தன் கைப்பேசியில் தெரிந்ததாகவும் எழுதினார். கலைஞர்களும் எல்லாரும் தங்கமில்லை. ஒரு கவிஞர் தனக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. இன்னொரு கவிஞருக்கு ஏன் கிடைத்தது என்பதைப் பற்றி முப்பது வரி எழுதினார். டோரிஸுக்கு அந்த ஆளைக் கண்டாலே எரிச்சல் வந்தது. ஆனாலும் அதையும் கட்டில் சேர்த்தார்.

கடைசி வாரம் ஆயர் ஈத்தாமுக்குப் போனார். நெடுஞ்சாலையோரம் பேருந்துகள் நிற்கும் இடத்தில் மண்பாண்டக் கடை ஒன்றில் சந்திரமதி விற்பனைப் பெண்ணாக இருந்தார். நாற்பது வயது, பெரிய குரல். கடைப் பெண்கள், தொழிற்சாலைப் பெண்கள் என்று ஏழு பேரைச் சேர்த்து நாடகக் குழு வைத்திருந்தார். கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் பெண்கள் கழிப்பறைக்குப் போகும் நேரத்தைச் சூப்பர்வைசர் எழுதி வைப்பதைப் பற்றி ஒரு நாடகம் எழுதியிருந்தார். நான்கு முறை மானியம் கேட்டிருந்தார். நான்கு மறுப்புக் கடிதங்களையும் கல்லாவுக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டினார். மூன்று கடிதங்கள் ‘திரு. சந்திரமோகன் அவர்களுக்கு’ வந்திருந்தன. நான்காவது, ‘உங்கள் நடனக் குழு’ மென்மேலும் வளர வாழ்த்தியிருந்தது.

“நாடகம்னு எழுதுறேன், நடனம்னு படிக்கிறாங்க. பொம்பளன்னு எழுதுறேன், ஆம்பளன்னு படிக்கிறாங்க. முதல் வரிய யாராவது படிச்சிருந்தா இப்படி வருமா அக்கா?”

படிவத்தின் பின்பக்கத்தில் அவர் ஒரே ஒரு வரி எழுதினார்: ‘குழுவில் உள்ள ஆறு பேரில் எத்தனை பேர் வீட்டுக்கு மானியம் போயிருக்கிறது?’

நூற்றுப் பதினெட்டுப் படிவங்களை டோரிஸ் அலுவலகத்தில் ஒப்படைத்தார். பிரவீனா ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள். இன்னொன்றைத் திருப்பினாள். பிறகு எல்லாவற்றையும் முன்பக்கம் மேலே வருகிறபடி அடுக்கி வைத்தாள்.

“பின்னால எழுதினது வராது ஆண்டி. மெஷின் முன்பக்கம் மட்டும்தான் படிக்கும்.”

“மெஷின் படிக்கலன்னா நீங்க படிங்க.”

பிரவீனா படிவங்களை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். இரண்டு நாள் கழித்துத் தலைவர் டோரிஸைக் கூப்பிட்டனுப்பினார்.

ஹேமநாதன் தேத்தண்ணி வரவழைத்தார். “நீங்க பெக்டரில இருந்தவங்க. அங்க ஒரு பொருள் நல்லது, இல்லன்னா கெட்டது. கலை அப்படி இல்ல பாருங்க. விமர்சனமே வேணாம்னு நான் சொல்லல. பக்குவமா இருக்கணும்.”

“எழுத்துப்பிழை இருக்குன்னு சொல்றீங்களா சார்?”

“மனசுல பிழை இருக்கு,” என்றார் ஹேமநாதன், தான் சொன்னது தனக்கே பிடித்துப்போனவராக.

முடிவு வந்தது. முன்பக்கம் மட்டும் படித்ததில் நூற்றுக்கு நூறு பேர் திருப்தி. வேறென்ன வரும்? நூறு என்றால் யாரும் நம்பமாட்டார்கள் என்று தலைவரே தம் கையால் அதைத் தொண்ணூற்று நாலாகக் குறைத்தார். மீதி ஆறு விழுக்காட்டினருக்கு என்ன குறை என்று போடுவது என்று பிரவீனா கேட்டாள். கார் நிறுத்த இடம் போதவில்லை என்று போடச் சொன்னார். இதை டோரிஸ் அந்த அறையிலேயே நின்று கேட்டார்.

அறிக்கை வெளியிட ஒரு விழா ஏற்பாடானது. பணம் கொடுக்கும் நிறுவனத்திலிருந்து புவான் ஸுரைடா என்ற மலாய் அதிகாரி வருகிறார்; மலாயில் புவான் என்றால் அம்மையார். பிரவீனா மேடையில் நிகழ்ச்சியை நடத்தவேண்டும். ஆகவே அந்த அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, நடப்பதை மலாயில் சொல்ல டோரிஸைக் கேட்டார்கள். “சுருக்கமா சொன்னா போதும்,” என்றார் ஹேமநாதன்.

“நான் போகப்போறது இல்ல,” என்றார் டோரிஸ் வீட்டில். “அந்தாளு பேசறத மொழிபெயர்த்தா என் வாய் அழுகிரும்.”

ரபேல் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். “நீ போகலன்னா வேற ஆள உட்கார வைப்பாங்க. அவங்க நல்லாவே சுருக்குவாங்க.”

டோரிஸ் அன்று மாலை இரண்டு பேரைக் கைப்பேசியில் கூப்பிட்டார். சந்திரமதியிடம், அவர் எழுதியதை யாரும் படிக்கவில்லை என்பதையும், விழாவில் கடைசிப் பத்து நிமிடம் கேள்வி நேரம் என்பதையும் சொன்னார். சந்திரமதி நேரத்தையும் இடத்தையும் மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார். குணாளனிடமும் அதையே சொன்னார். குணாளன் மென்று விழுங்கினார். “அன்னிக்குக் கொஞ்சம் வேலை இருக்கு அக்கா.”

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தெப்ராவில் ஒரு மண்டபத்தில் விழா. ‘மக்கள் குரலே எங்கள் குரல்’ என்று பெரிய பதாகை. தலைவர் கார் வந்து நின்றதும் உறுமி முழங்கியது. புதுப் பட்டு ஜிப்பா போட்டுக்கொண்டு முன்னால் நின்று அடித்தவர் குணாளன். மூன்று ஆண்டு முடியாத ஆராய்ச்சி ஒரு வாரத்தில் முடிந்து, உறுமி கலைதான் என்று தெரியவந்திருந்தது. அடுத்த பட்டியலில் அவர் பெயர் முதலில் வரும் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். டோரிஸைக் கண்டதும் குணாளன் குச்சியைப் பார்த்துக்கொண்டே அடித்தார். தாளம் மட்டும் பிசகவில்லை.

டோரிஸுக்கு ஹேமநாதனைப் பார்த்து வராத கோபம் அந்த ஜிப்பாவைப் பார்த்து வந்தது.

பேச்சுகள் ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம் நடந்தன. ஆறு பேரும் பேசினார்கள். ஒருவரை ஒருவர் புகழ்ந்து ஒரு சுற்று முடித்து, விட்டுப்போனவர்களைப் புகழ இரண்டாவது சுற்று போனார்கள். டோரிஸ் எல்லாவற்றையும் மலாயில் சொல்லிக்கொண்டு வந்தார். புவான் ஸுரைடா முதலில் குறிப்பெடுத்தார், பிறகு பேனாவை மூடிவிட்டார். தொண்ணூற்று நாலு விழுக்காடு திரையில் வந்தபோது கைதட்டல். முதல் இரண்டு வரிசை மட்டும் தட்டியது. அந்த இரண்டு வரிசையும் குழுவினரின் குடும்பம்.

“நேரம் இல்லாததால ஒரே ஒரு கேள்வி,” என்றாள் பிரவீனா.

சந்திரமதி ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தார். ஒலிவாங்கி அவரிடம் போகவில்லை. அவருக்கு அது தேவையும் இல்லை.

“ஆயர் ஈத்தாம்லேருந்து வரேன். ஒரே கேள்விதான். மேடையில உட்கார்ந்திருக்கிற ஆறு பேர்ல, யார் யார் வீட்டுக்கு மானியம் போயிருக்கு? கை தூக்குங்க.”

மேடையில் ஐந்து பேர் அசையவில்லை. ஆறாவது ஆள் ஜெயபாலன், எழுபத்தெட்டு வயது, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கூட்டத்துக்கு மரியாதை சேர்க்க அவரைக் குழுவில் வைத்திருந்தார்கள், அவரும் பெரும்பாலான கூட்டங்களில் மரியாதையாகத் தூங்குவார். முப்பத்தைந்து ஆண்டு பிள்ளைகளைக் கை தூக்கச் சொல்லி வாழ்ந்த மனிதர். அந்தச் சொல் காதில் விழுந்ததும் கண்ணைத் திறந்தார், நேராகக் கையைத் தூக்கினார்.

“எங்க வீட்டுக்கு ரெண்டு,” என்றார் தெளிவாக. “மருமகளுக்கு வீணை. பேரனுக்குப் போட்டோ கண்காட்சி.” பிறகு பக்கத்தில் திரும்பினார். “என்ன ஹேமநாதன், உங்களுக்கு மூனு இல்ல? தூக்குங்க.”

பின்வரிசையில் யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு மண்டபமே சிரித்தது. ஜெயபாலன் தான் சரியான விடை சொன்ன மகிழ்ச்சியில் கையை இறக்காமலே உட்கார்ந்திருந்தார்.

“அந்தப் பெரியவர் ஏன் கை தூக்கினார்? ஏன் சிரிக்கிறார்கள்?” என்று மலாயில் கேட்டார் புவான் ஸுரைடா.

மேடையிலிருந்து ஹேமநாதன் டோரிஸையே பார்த்தார். இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினார், சுருக்கமாக என்று.

டோரிஸ் சுருக்கமாகவே சொன்னார். “மானியம் குழுவிலுள்ள யார் வீட்டுக்கெல்லாம் போனது என்று அந்தப் பெண் கேட்டார். தன் வீட்டுக்கு இரண்டு, தலைவர் வீட்டுக்கு மூன்று என்று பெரியவர் சொன்னார்.”

“தொண்ணூற்று நாலு விழுக்காடு திருப்தி என்றார்களே?”

“படிவத்தில் திருப்தி இல்லை என்று சொல்ல இடமே வைக்கவில்லை, புவான். சொல்ல நினைத்தவர்கள் பின்பக்கத்தில் எழுதினார்கள். அது அறிக்கையில் இல்லை.”

அந்த அம்மாள் எழுந்து மேடைக்குப் போய், படிவங்களை உடனே பார்க்கவேண்டும் என்றார். ஹேமநாதன் முகம் நிறைய வருத்தம் காட்டி, அலுவலகம் பூட்டியிருக்கிறது, சாவி வைத்திருக்கும் ஆள் வெளியூரில் என்றார்.

“சாவி என்கிட்டதான் இருக்கு சார்,” என்றாள் பிரவீனா. அவள் கையிலிருந்த ஒலிவாங்கி வேலை செய்துகொண்டிருந்தது. தெரிந்து சொன்னாளா, வாய்தவறிச் சொன்னாளா என்று டோரிஸ் பின்னொரு நாள் கேட்டார். பிரவீனா சிரித்ததோடு சரி.

நூற்றுப் பதினெட்டுப் படிவங்களும் அன்று மதியமே கோலாலம்பூர் போயின. பின்பக்கங்களை மலாயில் மொழிபெயர்க்க நிறுவனம் டோரிஸையே அமர்த்தியது. இரண்டு வாரம் உட்கார்ந்து பெயர்த்தார். கவிஞரின் முப்பது வரி வன்மத்தையும் ஒரு வரி விடாமல் பெயர்த்தார்.

ஓராண்டுக்கு மானியம் நிறுத்தப்பட்டது. விண்ணப்பிக்கிற வீடுகளிலிருந்து யாரும் குழுவில் இருக்கக்கூடாது என்று விதி வந்தது. ஹேமநாதன் உடல்நிலையைக் காரணம் காட்டி விலகினார். அந்த உடல்நிலை மூன்று வாரத்தில் தேறி, அவர் வேறொரு கலாசாரச் சங்கத்துக்கு ஆலோசகர் ஆனார். பதவியேற்பில் பொன்னாடை போர்த்தினார்கள். படம் நாளிதழில் வந்தது.

ஊர் டோரிஸைத்தான் திட்டியது. குணாளன் கூப்பிட்டார்.

“உங்களால என் மானியம் போச்சு அக்கா. இந்தத் தடவ நிச்சயமா கிடைக்கிற மாதிரி இருந்துச்சு.”

“நீங்க எழுதினத நான்தான் குணாளன் மொழிபெயர்த்தேன். இருக்கறதுலயே ரொம்ப காரமா இருந்தது உங்களதுதான்.”

அந்தப் பக்கம் தொடர்பு அறுந்தது. டோரிஸ் முதலில் சிரித்தார். அன்று முழுவதும் சமைத்தது எதுவும் அவருக்கு ருசிக்கவில்லை. குணாளனை அவருக்குப் பிடித்திருந்தது. தேவாலயத்தில் பூசை முடிந்து பசியாறும்போதும், கோயில் வாசலிலும், கடைத்தெருவிலும், அந்தப் பொம்பளயாலதான் ஒருத்தருக்கும் இல்லாம போச்சு என்று பேசினார்கள். பின்பக்கத்தில் அனலாக எழுதியவர்கள்தான் அதில் முன்னால் நின்றார்கள். டோரிஸ் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. “எழுதறப்ப இருந்த முதுகெலும்பு இப்ப எங்க போச்சு,” என்று ரபேலிடம் மட்டும் சொல்லித் தீர்த்துக்கொண்டார்.

எட்டு மாதம் கழித்துச் சந்திரமதி கூப்பிட்டார். மானியம் இல்லாமலே நாடகத்தைப் போடுகிறார்கள். ஆயர் ஈத்தாமில் ஒரு பூப்பந்து மண்டபம், சனிக்கிழமை மத்தியானம், நாற்காலி அவரவர் வீட்டிலிருந்து. டோரிஸும் ரபேலும் இரண்டு மடக்கு நாற்காலிகளைக் காரில் போட்டுக்கொண்டு போனார்கள்.

எண்பது பேர் வந்திருந்தார்கள். கூரை சூட்டில் எல்லாரும் விசிறிக்கொண்டே பார்த்தார்கள். முடிந்ததும் ஏழு பெண்களும் முகத்துச் சாயத்தைத் துடைத்துக்கொண்டிருக்க, சந்திரமதி வேர்வையோடு வந்தார்.

“எப்படி இருந்துச்சு அக்கா? உண்மைய சொல்லுங்க.”

ரபேல் டோரிஸின் முழங்கையை இடித்தார். பயனில்லை.

“இருபது நிமிஷம் நீளம். கடைசில எல்லாரும் வரிசையா நின்னு நியாயம் பேசறது வேண்டாம், எங்களுக்கே தெரியும். அப்புறம் அந்த சூப்பர்வைசர் ரொம்ப கத்துது. அவங்க கத்தமாட்டாங்க மதி. கத்தினா நாம திருப்பிக் கத்திருவோம்னு அவங்களுக்குத் தெரியும்.”

சந்திரமதியின் முகம் வாடியது. “ஐயோ, அலமாக், அந்தக் குழுவே பரவாயில்ல போல இருக்கே அக்கா.”

கோபம் இருந்தும் சந்திரமதி அங்கிருந்து போகவில்லை.

“கத்தாம எப்படிப் பேசுவாங்க? நீங்க பேசிக் காட்டுங்க.”

டோரிஸ் கைப்பையை ரபேலிடம் கொடுத்துவிட்டு, சூப்பர்வைசர் வேடம் போட்ட பெண்ணின் எதிரில் போய் நின்றார். அவளே தொழிலாளி என்பதுபோல அவள் தோளில் மெதுவாகக் கை வைத்தார்.

“என்னம்மா, சாப்பிட்டியா?” என்றார், மிக அன்பாக. “நேத்து நாலு தடவ எழுந்து போனியாமே. உடம்புக்கு ஏதும் முடியலையா? முடியலன்னா சொல்லு, வீட்டுக்கு அனுப்பிரலாம். எத்தனையோ பேரு வேலைக்குக் காத்திருக்காங்க, நீ கஷ்டப்படவே வேண்டாம்.”

துடைத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தினார்கள். சந்திரமதி தாளைத் தேடி எடுத்து எழுத ஆரம்பித்தார்.